வேலையிடத்தில் எந்த மொழி? கேள்வி மாறினால் கணக்கும் மாறும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் மாண்ட்ரியல் நகரத்தில் ஓர் உணவகக் குசினி. இலங்கையிலிருந்து போன ஒருவர் அங்கே அடுப்படியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் கோப்பை கழுவுகிறவரும் ஊர்க்காரர். அவரோடு நாள் முழுக்கத் தமிழ்தான். தலைமைச் சமையல்காரர் பிரெஞ்சுக்காரர். அவர் பிரெஞ்சில் கத்துவார், "வி, ஷெஃப்" (சரி, தலைவரே) என்று இரண்டு சொல்லில் பதில் போகும். ஆர்டர் சீட்டு அச்சாகி விழுவதும் பிரெஞ்சில். மாலையில் இறைச்சி கொண்டுவரும் லாரிக்காரரோடு அரைகுறை ஆங்கிலம். இவர் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வருகிறது: "இந்த வேலையில் இவர் மிகுதியாகப் பயன்படுத்திய மொழி எது?"

நேரத்தைப் பார்த்தால் தமிழ். ஒரு நாள் தமிழ் இல்லாமல் போனால் குசினி கொஞ்சம் சோர்ந்துபோகும், அவ்வளவுதான். பிரெஞ்சு இல்லாமல் போனால் ஒரு தட்டுகூட வெளியே போகாது. அப்படியானால் பதில் பிரெஞ்சா? படிவத்தை நிரப்புவது அவராக இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து நிரப்புவதுதான் வழக்கம். பள்ளிக்கூடம் போகும் மகள் நிரப்பினால், அப்பாவின் குசினிக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவள், "பிரெஞ்சு" என்றோ "ஆங்கிலம்" என்றோ எழுதிவிட்டுப் போவாள். அந்த ஒரு கட்டம்தான் பிறகு சதவீதமாகி, செய்தித்தாள் தலைப்பாகி, சட்டமன்ற விவாதமாகிறது.

இந்தக் கேள்வியை நாடு தழுவிய அளவில் தொடர்ந்து கேட்டுவரும் சில நாடுகளில் கனடா முக்கியமானது. 2001 முதல் அங்கே அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தில் இருக்கிறது. எல்லா வீடுகளுக்கும் போகும் படிவம் அல்ல அது. 2001-இலும் 2006-இலும் ஐந்தில் ஒரு வீட்டுக்கும், 2016-இலிருந்து நான்கில் ஒரு வீட்டுக்கும் போனது. இடையில் 2011-இல் அரசு நீண்ட படிவத்தை விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று மாற்றியது. கட்டாயம் போனதும் பதில் தருவோர் குறைந்தார்கள், தரவின் நம்பகத்தன்மை பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. 2016-இல் கட்டாயம் திரும்ப வந்தது.

வேலையிட மொழியை எண்ண வேண்டும் என்ற எண்ணம் கனடாவில் சம்பளத்திலிருந்து பிறந்தது. 1963-இல் அமைக்கப்பட்ட இருமொழி, இருபண்பாட்டு அரச ஆணையம் 1961 கணக்கெடுப்பை எடுத்து வைத்து, கியூபெக் மாகாணத்து ஆண்களின் வருமானத்தை இன வம்சாவளிப்படி பிரித்துப் பார்த்தது. பிரிட்டிஷ் வம்சாவளியினர் சராசரியாக ஆண்டுக்கு 4,940 டாலர் சம்பாதித்தார்கள். பிரெஞ்சு வம்சாவளியினர் 3,185 டாலர். பதினான்கு குழுக்கள் கொண்ட அந்தப் பட்டியலில் பிரெஞ்சுக்காரர்கள் பன்னிரண்டாம் இடம். சொந்த மாகாணத்தில், எண்பது சதவீதப் பெரும்பான்மையாக இருந்துகொண்டு, பன்னிரண்டாம் இடம்! தொழிற்சாலையின் தரைத்தளத்தில் பிரெஞ்சு, மேல்மாடி அலுவலகத்தில் ஆங்கிலம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை யாரும் அதை எண்ணாகப் பார்த்ததில்லை.

பிறகு கியூபெக் அரசே அமைத்த ழாந்த்ரோன் ஆணையம் 1972-இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் முதல் தொகுதி முழுக்க வேலையிட மொழி பற்றியதுதான். 1977 ஆகஸ்டில் ரெனே லெவெக் தலைமையிலான கியூபெக் அரசு பிரெஞ்சு மொழிச் சாசனத்தை நிறைவேற்றியது. 101-ஆம் சட்டம் என்றால்தான் அங்கே சட்டென்று புரியும். தொழிலாளிக்குத் தன் வேலையைப் பிரெஞ்சில் செய்யும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. வேலையின் தன்மை கேட்டாலொழிய, இன்னொரு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது என்றும் சொல்கிறது.

சரி, சட்டம் வந்துவிட்டது. அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் சிக்கல். தாய்மொழியைக் கனடா நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. வீட்டில் பேசும் மொழியை 1971 முதல் கேட்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் அரசியல்வாதிகள் பிரெஞ்சு வளர்கிறதா தேய்கிறதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வியட்நாமிலிருந்தோ லெபனானிலிருந்தோ வந்தவர் வீட்டில் தன் மொழியைப் பேசுவார், அலுவலகத்தில் பிரெஞ்சில் வேலை பார்ப்பார். வீட்டுக் கணக்கில் அவர் பிரெஞ்சுக்கு நஷ்டம், வேலைக் கணக்கில் லாபம். 101-ஆம் சட்டம் யாருடைய சாப்பாட்டு மேசைக்கும் சட்டம் போடவில்லையே, பிறகு ஏன் வீட்டு மொழியை வைத்து அதை அளக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. வீட்டு மொழிதானே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே நியாயமான பேச்சுதான். சட்டம் வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2001-இல்தான் வேலையிடக் கேள்வி கணக்கெடுப்பில் சேர்ந்தது.

கேள்வியின் வடிவம் முதலில் எளிமையாக இருந்தது. மிகுதியாகப் பயன்படுத்திய மொழி எது என்று முதலில் கேட்பார்கள். அப்புறம், வேறு ஏதாவது மொழியை வழக்கமாகப் பயன்படுத்தினீர்களா என்று கேட்பார்கள். "பேசிய மொழி" என்று கேட்காமல் "பயன்படுத்திய மொழி" என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கணினிப் பொறியாளர் நாள் முழுக்க வாயே திறக்காமல் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருக்கலாம். அதுவும் கணக்கில் வரவேண்டும். ஆனால் படிப்பதையும் எழுதுவதையும் பேசுவதையும் ஒரே சொல்லில் அடக்கியதால், ஒவ்வொருவரும் தன் மனத்துக்குப் பட்டதை எழுதுகிறார். எட்டு மின்னஞ்சலும் ஒரு கூட்டமும் இருந்த நாளில் எது மிகுதி?

2021-இல் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில், வேலையில் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லா மொழிகளையும் குறிக்க வேண்டும். பிறகு, அவற்றில் எது மிகுதி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன மாற்றம் போலத் தெரியும். பதில் சொல்பவர் இடத்தில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. பழைய படிவத்தில் முதல் கேள்வியைப் பார்த்ததும், இரண்டு மொழியிலும் வேலை செய்கிறவர் "ஆங்கிலத்தை விட்டுவிட்டால் தப்பாகிவிடுமே" என்று இரண்டையும் அங்கேயே எழுதிவிடுவார். "இரண்டும் சமம்" என்று கணக்காகிவிடும். புதிய படிவத்தில் இரண்டையும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார். அடுத்த கேள்வியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனம் இடம் கொடுக்கிறது.

விளைவு எண்களில் தெரிந்தது. கியூபெக்கில் பிரெஞ்சை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் 2016-இலும் 2021-இலும் ஏறத்தாழ 80 சதவீதம், அசையவே இல்லை. ஆங்கிலத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 12-லிருந்து சுமார் 14 ஆனார்கள். இந்த இரண்டிலும் சேராத மிச்சம், அதாவது பெரும்பாலும் "இரண்டும் சமம்" என்றவர்கள், ஏறக்குறைய 8-லிருந்து 6 ஆகச் சுருங்கினார்கள். ஆங்கிலம் இரண்டு புள்ளி ஏறியது என்பது தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். அந்த இரண்டு புள்ளியில் எவ்வளவு உண்மையான மாற்றம், எவ்வளவு கேள்வி வரிசையின் வேலை என்று பிரிப்பது எளிதல்ல. கூடவே பெருந்தொற்று வேறு. உணவகங்களும் கடைகளும் மூடிக் கிடந்தன, கணினித் தொழில் வீட்டிலிருந்தே நடந்தது. எந்தத் தொழில் வளர்கிறதோ அந்தத் தொழிலின் மொழியும் கணக்கில் வளரும், ஒருவர்கூடத் தன் மொழியை மாற்றிக்கொள்ளாமலேயே.

இன்னொரு பெரிய குறை எல்லாச் சதவீதங்களிலும் ஒளிந்திருக்கிறது. கணக்கெடுப்பில் ஆளுக்கு ஒரு கட்டம். 2021 நவம்பரில் ஏர் கனடா நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி மைக்கேல் ரூசோ மாண்ட்ரியல் வர்த்தக சபையில் கிட்டத்தட்ட முழுக்க ஆங்கிலத்தில் உரையாற்றினார். பதினான்கு ஆண்டுகளாக அந்த நகரத்தில் வாழ்ந்தும் பிரெஞ்சு பேசாமலேயே காலம் தள்ள முடிந்தது என்று நிருபர்களிடம் சொல்லவும் செய்தார். ஊரே கொந்தளித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். கணக்கெடுப்பில் அப்படி ஒருவர் ஆங்கிலத்துக்கு ஒரு புள்ளி, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர் பிரெஞ்சுக்கு ஒரு புள்ளி. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது. ஆனால் மேலே இருப்பவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்றால் அவர் உட்காரும் கூட்டம் ஒவ்வொன்றும் ஆங்கிலத்துக்கு மாறும், அவருக்குப் போகும் அறிக்கைகள் மாறும், அந்த அறிக்கைக்குத் தகவல் தருகிற அடுத்த அடுக்கும் மாறும். ஒரு புள்ளி எத்தனை பேரின் மொழியை இழுத்துக்கொண்டு போகிறது என்பதை ஆள் கணக்கு காட்டாது. 1961-இன் தரைத்தளமும் மேல்மாடியும் இதே விஷயம்தான்.

அதனால் கியூபெக் மொழி அலுவலகம் ஆட்களை மட்டும் எண்ணாமல் நிறுவனங்களையும் சோதிக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பிரெஞ்சுமயமாக்கல் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது பழைய விதி. 2022-இல் வந்த 96-ஆம் சட்டம், 2025 ஜூன் முதல் இதை இருபத்தைந்து பேர் உள்ள நிறுவனம் வரை கீழே கொண்டுவந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ என்றால் ஊழியர்களும் அமரும் ஒரு குழு வேண்டும். நிர்வாகிகளுக்குப் பிரெஞ்சு தெரியுமா, வேலைக் கையேடு எந்த மொழியில் இருக்கிறது, மென்பொருள் பிரெஞ்சில் திறக்கிறதா, உள் சுற்றறிக்கை எப்படிப் போகிறது, ஆள் எடுக்கும்போது என்ன கேட்கிறார்கள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் அறிக்கை தர வேண்டும்.

இது மேல்மாடியைப் பிடிக்கிறது. ஆனால் காகிதத்தைத்தான் பிடிக்கிறது. கையேடு பிரெஞ்சில் அலமாரியில் இருக்க, ஒரே ஒரு டொராண்டோக்காரர் இணையக் கூட்டத்தில் நுழைந்ததும் பத்துப் பேர் ஆங்கிலத்துக்குத் தாவுவதை எந்தச் சான்றிதழும் பதிவு செய்வதில்லை.

கனடாவின் மத்திய அரசு இதற்கு வேறு ஒரு வழி பிடித்திருக்கிறது, எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஒட்டாவா, மாண்ட்ரியல், நியூ பிரன்சுவிக் போன்ற, இருமொழிப் பகுதிகளாக வரையறுத்த இடங்களில் மத்திய அரசு ஊழியர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, தனக்குப் பிடித்ததில் வேலை செய்யலாம். 1988 ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது. ஊழியர்களிடம் நடத்தும் ஆய்வில் எந்த மொழியில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. கூட்டங்களில் உங்களுக்குப் பிடித்த மொழியில் பேசத் தயக்கம் இல்லையா, எழுதும்போது எப்படி, உங்கள் மேலதிகாரியிடம் பேசும்போது எப்படி என்று இடம் இடமாகப் பிரித்துக் கேட்கிறார்கள். பிரெஞ்சு ஊழியர் ஒருவர் நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறார் என்பது ஒரு தகவல். விரும்பிச் செய்கிறாரா, சக ஊழியருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஒதுங்கிப்போகிறாரா என்பது வேறு தகவல். சட்டம் காப்பாற்ற நினைத்தது இரண்டாவதைத்தான்.

கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, காதில் விழுவதைக் குறித்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பரந்திருக்கும் பாஸ்க் பகுதியில் 1989 முதல் தெருவில் நடந்துபோகிறவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பக்கத்தில் போய்க் காதில் விழுவதைக் குறித்துக்கொள்கிறார்கள். யாரையும் நிறுத்துவதில்லை, பெயர் கேட்பதில்லை. மொழி, ஆணா பெண்ணா, உத்தேச வயது, கூடக் குழந்தை இருக்கிறதா, அவ்வளவுதான். தன் மொழியின் மேல் பாசம் உள்ளவர் படிவத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். தெருவில் அப்படிக் கூட்ட முடியாது. கியூபெக் மொழி அலுவலகமும் வாடிக்கையாளர் போல ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பி, முதல் வணக்கம் எந்த மொழியில் வருகிறது என்று பார்க்கிறது. மாண்ட்ரியல் தீவில் பிரெஞ்சு வணக்கம் 2010-இல் 84 சதவீதம், 2017-இல் 75, 2023-இல் 71. இரு மொழியையும் ஒட்டவைத்த "போன்ஜூர்-ஹாய்" ஏறிக்கொண்டே போனது. 2017-இல் சட்டமன்றமே கூடி, "போன்ஜூர்" மட்டும் சொல்லுங்கள் என்று வியாபாரிகளுக்கு ஏகமனதாக வேண்டுகோள் விடுத்தது. ஆனால் பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில் சேவை கிடைக்கிறதா என்ற கணக்கு 90 சதவீதத்துக்கு மேல். வணக்கத்தை அளந்தவர் பதறுகிறார், சேவையை அளந்தவர் அமைதியாக இருக்கிறார். இந்த முறையும் கடைவாசலோடு நின்றுவிடும். தொழிற்சாலைக்குள் போய் ஒட்டுக்கேட்க யார் விடுவார்கள்?

சுவிட்சர்லாந்து நம் காதுக்குப் பிடித்த ஒன்றைச் செய்திருக்கிறது. அங்கே வேலையில் வழக்கமாகப் பேசும் மொழி எது என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் தரலாம். அதனால் சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். ஒரு மொழி ஏறினால் இன்னொன்று இறங்கியே தீர வேண்டும் என்ற பயமும் அதனால் இல்லை. அதைவிட முக்கியம், பேச்சு வழக்கான சுவிஸ் ஜெர்மனுக்கும் எழுத்து வழக்கான ஜெர்மனுக்கும் தனித்தனிக் கட்டம். கூடப் பேசுவது ஒன்று, குறிப்பு எழுதுவது ஒன்று என்று இருக்கும் சமூகத்தில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் கணக்கு பொய் பேசும். பேச்சுத் தமிழிலும் செய்தித்தாள் தமிழிலும் மாறி மாறி வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தியாவுக்கு வந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியைக் கேட்கிறது, தெரிந்த வேறு இரண்டு மொழிகளைக் கேட்கிறது. வேலையிட மொழி பற்றி 2011 வரை ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் வேலையிட மொழியை அளக்கும் பெரிய இயந்திரம் ஒன்று மத்திய அரசு அலுவலகங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை, எத்தனை கடிதம் இந்தியில் போனது, எத்தனை கோப்புக் குறிப்பு இந்தியில் எழுதப்பட்டது என்று அறிக்கை. மாநிலங்கள் அ, ஆ, இ என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு, இந்தி பேசும் மாநிலங்களில் நூறு சதவீதம், தென் மாநிலங்கள் உள்ள கடைசிப் பிரிவில் 55 சதவீதம் என்று கடிதங்களுக்கு ஆண்டுதோறும் இலக்கு. 1976 ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் சென்னையிலுள்ள மத்திய அலுவலகங்களிலும் வங்கிகளிலும் செப்டம்பர் வந்தால் இந்திக் கொண்டாட்டம் நடக்கத்தான் செய்கிறது.

எண்ணிக்கையோடு இலக்கும் பாராட்டும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல பாடம். கடிதத்தை எண்ணினால் கடிதம் கூடும்: அச்சிட்டு வைத்த முகப்புக் கடிதம், "இத்துடன் இணைத்துள்ளேன்" என்ற ஒற்றை வரி, ரப்பர் முத்திரை. பக்கத்து மேசைக்காரரிடம் கணக்கு கேட்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படியே தொடரும். தமிழ்நாட்டு அரசின் ஆட்சிமொழி ஆய்வும் இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. 1956 சட்டத்தின்படி தமிழ் ஆட்சிமொழி. தமிழ் வளர்ச்சித் துறை அலுவலர் வந்து பதிவேடு, கோப்பு, முத்திரை, பெயர்ப் பலகை, கையெழுத்து எல்லாம் பார்ப்பார். அதிலும் காகிதம்தான் சாட்சி. அரசு அலுவலகத்தில் தமிழ் பேச்சுக்குக் குறைவே இல்லாததால் அங்கே காகிதத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறை எங்கே என்றால், பெரும்பாலான மக்கள் வேலை பார்க்கும் தனியார் இடங்களுக்குள் எந்தக் கணக்கும் நுழைவதில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் தையல் மெஷினில். அவர்களில் பலருக்கு இந்தியும் இரண்டாம் மொழிதான். சூப்பர்வைசர் கொங்குத் தமிழர், பாதி இந்தி பாதித் தமிழில் வேலை வாங்குவார். ஓவர்லாக், செக்கிங், பீஸ் ரேட் எல்லாம் எந்த மொழிக்காரருக்கும் பொதுச் சொல். பையர் கம்பெனியின் ஆடிட்டர் வந்தால் ஆங்கிலம். இங்கே போய் "மிகுதியாகப் பயன்படுத்தும் மொழி எது" என்று கனடாப் படிவத்தை நீட்டினால் ஒன்றும் தேறாது. கேட்க வேண்டியது வேறு: தீ பிடித்தால் எப்படி ஓட வேண்டும் என்று உங்களுக்கு எந்த மொழியில் சொல்லித் தந்தார்கள், அது புரிந்ததா? சம்பளச் சீட்டு எந்த மொழியில் இருக்கிறது, அதை யார் படித்துச் சொன்னார்? பீஸ் கணக்கில் குறைந்தால் யாரிடம், எந்த மொழியில் போய்க் கேட்பீர்கள்? இப்போதைய நிலையில் கணக்கெடுப்பாளர் வந்தால் ஒடிசாக்காரரின் பதில் மூன்று சொல்லில் முடிந்துவிடும்: தாய்மொழி ஒடியா, தெரிந்த மொழிகள் இந்தி, தமிழ். மேஸ்திரி எந்த மொழியில் திட்டுகிறார் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.